பின்வாசல் பால்டி

ஓஸ்லோ
7-9-1997

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமாக வந்து சேர்ந்தேன். உன் தொண்டைக் கட்டு தேவலையா? அம்மாவின் முழங்காலுக்கு அந்தத் தைலம் கேட்கிறதா? கட்கியில் மழை விட்டிருக்கும் என்று நினைக்கிறேன். இங்கே மழை கொட்டுவதில்லை. சளி பிடித்த குழந்தையின் மூக்கு மாதிரி நாள் முழுக்க ஒழுகிக்கொண்டே இருக்கிறது.

"பந்து ஆடறதப் படிக்கவா பிளேன் ஏறிப் போறே?" என்று அம்மா விமான நிலையத்தில் கேட்டாளே, இங்கே அதைத்தான் படிக்கிறோம். விளையாட்டு ஒரு ஊரின் சமூகத்தை எப்படி மாற்றுகிறது என்பதுதான் பாடம். வகுப்பில் ஜாம்பியாக்காரர், நேபாளத்துக்காரி, இந்த ஊர்ப் பிள்ளைகள் எல்லாரும் இருக்கிறோம். முதல் வாரமே ஒவ்வொருவரும் தன் ஊர் விளையாட்டு ஒன்றைப் பற்றிப் பேச வேண்டும் என்றார்கள். நான் கோ-கோவைச் சொன்னேன். எட்டுப் பேர் வரிசையாகக் கட்டங்களில் குந்தியிருப்பார்கள், துரத்துகிறவள் அவர்களில் ஒருத்தியின் முதுகைத் தொட்டு "கோ" சொன்னால்தான் அவள் எழுந்து ஓடலாம், தொட்டவள் அதே கட்டத்தில் உட்கார வேண்டும் என்றேன். பேராசிரியை பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "தொட்டே ஆக வேண்டுமா? குரல் மட்டும் போதாதா?" என்று கேட்டார். "போதாது, தொடாவிட்டால் ஃபவுல்" என்றேன்.

பிறகு பவுனைப் பற்றிச் சொன்னேன். கன்டோன்மென்டில் சாக்கடை அள்ளுகிறவர்களின் லைன் வீடுகளிலிருந்து ஒரு பெண்ணை, கட்கித் தமிழர்கள் நடத்தும் நம் வைகை விளையாட்டு மன்றத்தில் நான் சேர்த்ததையும், தொடக் கூடாது என்று ஒதுக்கிய முதுகை இன்று எல்லா வீட்டுப் பெண்களும் தொடுவதையும் சொன்னபோது வகுப்பே குறிப்பெடுத்துக்கொண்டது. என் ஆய்வுக்கு இதுவே பொருள் என்று முடிவாகிவிட்டது. எனக்கு உதவித்தொகை கிடைத்ததும் அவளைச் சேர்த்ததை விண்ணப்பத்தில் எழுதியதால்தான், உனக்குத் தெரியும்.

ஓர் உதவி செய். பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் மைதானத்தில் கொஞ்ச நேரம் நில். பார்ப்பதைப் பார்த்தபடி எழுது. அம்மாவுக்கு என் நமஸ்காரம்.

உன் தம்பி,
சுனில்


கட்கி
28-9-1997

தம்பி சுனிலுக்கு,

தொண்டை சரியாகிவிட்டது. அம்மாவின் முழங்கால் அவள் நினைத்தால் வலிக்கும், நினைத்தால் வலிக்காது. பக்கத்து வீட்டில் சண்டை என்றால் ஓட்டமாகப் போகிறாள். நீ ஸ்வெட்டரைப் போட்டுக்கொள், அழகு பார்க்க வேண்டாம்.

உனக்காக மைதானத்தில் நின்றேன். எனக்குக் கிடைத்த இடம் குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில். உன் ஆராய்ச்சிக்காக ஒரு வாரமாக அழுகின வாழைப்பழ நாற்றம் குடிக்கிறேன், அதையும் எழுதிக்கொள்.

பவுன் நன்றாக ஓடுகிறாள். நன்றாக என்பது போதாது. தப்பி ஓடும் முறை வரும்போது அவளைப் பிடிக்க முடியாமல் மூன்று பெண்கள் மூச்சு வாங்கி நின்றார்கள். ஆட்டம் முடிந்து என்னிடம் வந்து பேசினாள். அவள் அம்மாவுக்கு நெஞ்சு சளி, சாக்கடை குத்தும் கம்பியைத் தூக்க முடியவில்லையாம். பவுனுக்கு வருகிற ஜூனில் பதினெட்டு முடிகிறது. அம்மா வேலையை விட்டால் வாரிசு என்று மகளுக்கு அதே வேலையைக் கொடுப்பார்கள். கொடுப்பது என்ன, தலையில் கட்டுவார்கள். ஸ்டேட் டீமுக்குப் போனால் ரயில்வேயில் விளையாட்டுக் கோட்டாவில் எடுப்பார்கள் என்று நீ சொன்னதைத்தான் அவள் பிடித்துக்கொண்டிருக்கிறாள். "டீச்சர், சுனில் அண்ணன் சொன்னாங்க, ஜூனுக்குள்ள செலக்ட் ஆயிட்டா போதும்னு. ஆயிடுவேன்ல?" என்று கேட்டாள். ஆயிடுவே என்று சொல்லி வைத்தேன்.

இன்னொன்று கண்ணில் பட்டது. என் கண் கோளாறாக இருக்கட்டும் என்று பார்க்கிறேன். இன்னும் சில நாள் நின்றுவிட்டு எழுதுகிறேன்.

அம்மா ஆசி சொன்னாள். எண்ணெய் தேய்த்துக் குளி என்றாள். அங்கே அதற்கு வழி உண்டா என்று அவளுக்கு யோசனை இல்லை.

அக்கா,
தமிழரசி


ஓஸ்லோ
19-10-1997

அன்புள்ள அக்காவுக்கு,

நலமே. தீபாவளி வாழ்த்துகளை இப்போதே சொல்லிவிடுகிறேன், தபால் எப்போது வருமோ. அம்மா இனிப்பைக் குறைத்துக்கொள்ளட்டும்.

உன் கடிதத்தை வகுப்பில் மொழிபெயர்த்துப் படித்தேன். வாழைப்பழ நாற்றத்துக்கு எல்லாரும் சிரித்தார்கள். ஒரு வேடிக்கை சொல்கிறேன் கேள். இங்கே பயிற்சி முடிந்து அறைக்கு வந்ததும் நான் வாசலில் ஷூவைக் கழற்றி, ஒரு குவளைத் தண்ணீரால் காலையும் கையையும் கழுவிவிட்டுத்தான் உள்ளே போகிறேன். இந்தக் குளிரில் இதென்ன கிறுக்கு என்று நேபாளத்துக்காரி கேட்டாள். அப்போதுதான் நம் வீட்டுப் பின்வாசல் பால்டி ஞாபகத்துக்கு வந்தது. நம் குவார்ட்டர்ஸில் ஆட்டக்காரப் பெண்கள் இருக்கிற எல்லா வீட்டிலும் பின்வாசலில் ஒரு பால்டி தண்ணீர் இருக்குமே! பேராசிரியையிடம் சொன்னேன். மைதானத்துக்கும் வீட்டுக்கும் நடுவில் இப்படி ஒரு சடங்கா, விளையாட்டுக்குச் செய்கிற மரியாதை இது என்று பூரித்துப்போனார். ஆய்வில் இதற்குத் தனிப் பகுதி எழுதச் சொல்லிவிட்டார். பார், நாம் கவனிக்காத ஒன்று!

பவுனுக்கு ஒருத்தி கோ கொடுக்கிற மாதிரி ஒரு போட்டோ வேண்டும். முதுகில் கை தெளிவாகத் தெரிய வேண்டும். கடைத்தெருவில் ஸ்டீபனிடம் சொன்னால் எடுத்துத் தருவார். உன் கண்ணில் பட்டது என்ன என்று எழுதவே இல்லையே?

அன்புடன்,
சுனில்


கட்கி
16-11-1997

சுனிலுக்கு,

எல்லாரும் சுகம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதற்கு மேல் சுகமான சங்கதி இந்தக் கடிதத்தில் இல்லை.

பவுனை யாரும் தொடுவதில்லை.

துரத்தும் வரிசையில் அவளை உட்கார வைக்கிறார்கள். நம் குவார்ட்டர்ஸ் ப்ரீதி ஓடி வருகிறாள், பவுன் பின்னால் நிற்கிறாள், "கோ" என்று தொண்டை கிழியக் கத்துகிறாள். கை முதுகுக்கு ஒரு சாண் மேலே காற்றில் நிற்கிறது. பவுன் எழுந்து ஓடுகிறாள். அவள் விட்டுப்போன கட்டத்தில் ப்ரீதி உட்கார வேண்டுமே, உட்காருவதில்லை, கட்டத்தின் விளிம்பில் நுனிக்காலில் நிற்கிற மாதிரி குந்துகிறாள். பயிற்சியில் விசில் அடிக்க ஆளில்லை, போய்விடுகிறது. வெளி மன்றத்தோடு ஆடும்போது நடுவர் சும்மா இருப்பாரா? ஃபவுல் மேல் ஃபவுல். போன ஞாயிற்றுக்கிழமை அப்படித்தான் தோற்றார்கள். தோற்ற பிறகு துரைசாமி மாமா என்ன சொன்னார் தெரியுமா? நீ போன பிறகு நீ உட்கார வைத்துப் போன கோச் அவர், நல்ல மனுஷன் என்று நீயே சொன்னாய்.

"அந்தப் பொண்ணு உக்கார்ற எடத்துலதாம்மா ஃபவுல் வுழுது. வேற யாருக்கு கோ குடுத்தாலும் சரியாதான் குடுக்குறாங்க. அவ டீமுக்கு ஆவல. நான் இன்னா பண்றது?"

"தொடச் சொல்லுங்க மாமா" என்றேன்.

"அய்ய, அதெல்லாம் வூட்டு விஷயம். வூட்டம்மாங்க கிரவுண்டுக்கே அனுப்ப மாட்டாங்க. நீ டீச்சரு, படிச்சவ, உனக்குத் தெரியாததா?" என்று சொல்லிவிட்டு பக்கத்திலிருந்த வண்டியில் வடா பாவ் வாங்கித் தின்றார். சட்னி அவர் முகவாயில் ஒழுகியது. துடைக்கக்கூடத் தோன்றாமல் எனக்கு நியாயம் சொல்லிக்கொண்டிருந்தார்.

இனி உன் மரியாதைச் சடங்குக்கு வருகிறேன். அன்று வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் கேட்டேன். "இன்னாத்துக்கு இந்த பால்டி?"

"மண்ணு ஒட்டிக்குனு இருக்கும்ல."

"பவுனு வர்றதுக்கு முன்னாடி டீமுல இருந்த ஷபானாவும் இதே மண்ணுலதானே ஆடினா? அப்ப ஏது பால்டி?"

அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை. "தெரிஞ்சிக்குனே கேக்காதடி. அந்த லைன்காரி வந்து உக்காந்த எடம். என் புள்ள நல்ல மனசுல சேத்துட்டான், நான் வேணாம்னா சொன்னேன்? கைய காலை அலம்பிக்குனு வூட்டுக்குள்ள வந்தா தீந்துது. சுனிலுகூட ஒரு நாள் தவறாம அலம்புவான். புள்ளன்னா அது புள்ள."

புரிகிறதா? பவுன் வந்த மறுவாரம்தான் எல்லாப் பின்வாசலிலும் பால்டி வந்தது. அவளைச் சேர்த்தது நீ. தினமும் அவளுக்குப் பயிற்சி கொடுத்துவிட்டு வந்து அவளைக் கழுவிக்கொண்டதும் நீ. அங்கே ஓஸ்லோவில் குளிரில் குவளையோடு நிற்கிறாயே, அது மரியாதை இல்லை. பேராசிரியை அம்மாவிடம் முதலில் இதைச் சொல்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தமிழரசி


ஓஸ்லோ
14-12-1997

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். இங்கே பனி முழங்கால் உயரம். மூன்று மணிக்கே இருட்டிவிடுகிறது. அம்மாவுக்கு மாத்திரை ஒழுங்காகக் கொடுக்கிறாயா?

இங்கே ஒரு வழக்கம். விளையாட்டு மன்றத்தில் வருஷத்தில் சில நாள் எல்லாரும் கூடிச் சுத்தம் செய்ய வேண்டும். கூலிக்கு ஆள் கிடையாது. போன சனிக்கிழமை பேராசிரியை கையுறை மாட்டிக்கொண்டு உடைமாற்றும் அறையின் கக்கூசைத் தேய்த்துக் கழுவினார். பாங்க் மேனேஜர் ஒருவர் சாக்கடை மூடியைத் தூக்கி முடிக்கற்றைகளை வழித்து எடுத்தார், கூடவே பாட்டு வேறு. என்ன ஒரு சமூகம்! அடுத்த கக்கூசை என்னிடம் காட்டினார்கள். அன்றைக்கு எனக்குச் சரியான தலைவலி, அறைக்குத் திரும்பிவிட்டேன். இதையெல்லாம் ஒப்பிட்டு ஆய்வில் ஓர் அத்தியாயம் எழுதுகிறேன்.

நீ எழுதியதைப் படித்தேன். எதையும் ஒரே நாளில் மாற்ற முடியாது அக்கா. பெண்கள் கூடி ஆடுகிறார்களே, அதுவே பெரிய அடி. போகப் போகச் சரியாகும். போட்டோ பற்றி நீ ஒன்றும் எழுதாததால் துரைசாமி மாமாவுக்கு எழுதினேன். அவரே ஏற்பாடு செய்து அனுப்பிவிட்டார். அருமையாக வந்திருக்கிறது. ஸ்டீபனுக்கு என் நன்றியைச் சொல்.

உன்,
சுனில்


கட்கி
4-1-1998

சுனிலுக்கு,

புது வருஷம் எல்லாருக்கும் நல்லதாகட்டும். உன் தலைவலி விட்டதா? கக்கூசைக் காட்டினால் வருகிற தலைவலிக்கு நம் குவார்ட்டர்ஸில் நிறைய பேர் மாத்திரை வைத்திருக்கிறார்கள், கேட்டால் அனுப்புகிறேன்.

அந்தப் போட்டோ எடுத்த நாளில் நான் அங்கே இருந்தேன். "ஃபாரினுக்குப் போவுது, சுனிலு கேட்டுக்கிறான்" என்று துரைசாமி மாமா வீடு வீடாகப் போய்ச் சொல்லி, அம்மாமார் சம்மதித்தார்கள். ப்ரீதியின் அம்மா அபயாம்பாள் மகளுக்குத் தலை வாரிப் பூ வைத்துக் கூட்டி வந்தாள். ஸ்டீபன் "கையை அழுத்தி வை, அசையாதே" என்று சொல்லச் சொல்ல ப்ரீதி பவுன் முதுகில் கையை வைத்தாள். பவுன் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். எடுத்து முடித்ததும் ப்ரீதியை அபயாம்பாள் தோளைப் பிடித்துக் குழாயடிக்குத் தள்ளிக்கொண்டு போய் முழங்கை வரை சோப்புப் போட்டுத் தேய்த்தாள். பவுன் கேமராப் பக்கமே பார்த்துக்கொண்டு சிரித்தபடி நின்றாள். அதை ஸ்டீபன் எடுக்கவில்லை. நான் வாய் விட்டுத் திட்டினேன். அபயாம்பாள் "டீச்சருக்குக் கல்யாணமாகாத கோவம்" என்று எல்லார் காதிலும் விழச் சொன்னாள். இப்படிப்பட்ட ஜனங்களோடு ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கிறோமே என்று அருவருப்பாக இருந்தது.

இனி நான் சொல்வதை நிதானமாகப் படி. ஸ்டேட் டீமுக்கான தேர்வுக்கு மன்றங்கள் பெயர் அனுப்ப ஜனவரி கடைசி வரை நேரம். மன்றத்தின் செயலாளர் கையெழுத்து வேண்டும். நீ போகும்போது பதவியை யாருக்கும் மாற்றவில்லை. செயலாளர் இன்னும் நீதான். துரைசாமி மாமா அனுப்புகிற பட்டியலில் பவுன் பெயர் கிடையாது, ஃபவுல் பெண் என்று சொல்கிறார். நீ மாவட்டச் சங்கத்துக்கு நேரே ஒரு கடிதம் எழுது. இந்தப் பெண்ணின் ஃபவுல் இவள் செய்தது அல்ல, கூட ஆடுகிறவர்கள் தொட மறுப்பதால் வந்தது, தனியே ஓடவிட்டுப் பாருங்கள் என்று எழுது. அரைப் பக்கம் போதும். நான் போய்க் கேட்டேன், செயலாளர் எழுதினால் பரிசீலிப்போம் என்றார்கள். வேறு யார் எழுதியும் பயனில்லை.

ஜூனில் அவள் கையில் கம்பியா, ரயில்வே டிராக் சூட்டா என்பது உன் அரைப் பக்கத்தில் இருக்கிறது. கிடைத்ததும் எழுது.

தமிழரசி


ஓஸ்லோ
22-2-1998

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள். நடுவில் ஜுரம், பிறகு கருத்தரங்கம். அம்மா எப்படி இருக்கிறாள்? கட்கியில் வெயில் ஆரம்பித்திருக்குமே.

உன் கடிதம் ஜனவரி மத்தியிலேயே வந்தது. நான் எழுத உட்காரவில்லை என்று நினைக்காதே. உட்கார்ந்தேன். நீயே யோசித்துப் பார். சங்கத்துக்கு அப்படி எழுதினால் அது அலுவலகத் தாளில் இருக்கும். என் ஆய்வு முழுக்க வைகை மன்றத்தில் தொடுவதால் தீட்டு ஒழிந்தது என்று நிற்கிறது. தொட மறுக்கிறார்கள் என்று அதே மன்றத்தின் செயலாளராக நானே எழுதினால் நாளைக்கு யாராவது கேட்க மாட்டார்களா? அரை வருஷ உழைப்பு. ஜாம்பியாவில் ஒரு பெரிய திட்டத்துக்கு என்னைக் கேட்டிருக்கிறார்கள். அந்த இடத்துக்குப் போனால் இப்படி நூறு பவுன்களுக்கு நான் நல்லது செய்யலாம். மே மாதம் வரை பொறு. ஆய்வு ஒப்புக்கொள்ளப்பட்டதும் நானே எல்லாரிடமும் பேசுகிறேன்.

பவுனிடம் அடுத்த வருஷத் தேர்வு இருக்கிறது என்று சொல். பயிற்சியை விட வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்.

அன்புடன்,
சுனில்


கட்கி
15-3-1998

சுனிலுக்கு,

அம்மா நலம். நானும் நலம். வெயில் ஆரம்பித்துவிட்டது.

அடுத்த வருஷம் அவளுக்குக் கிடையாது என்பது உனக்குத் தெரிந்தும் எழுதியிருக்கிறாய். அதை நான் அவளிடம் சொல்லவில்லை. சொல்ல வாய் கூசியது.

போன ஞாயிற்றுக்கிழமை மாவட்ட ஃபைனல் நடந்தது. கடக்வாஸ்லா ரோட்டில் ஒரு மைதானம். இரண்டு பஸ் மாறிப் போனோம். தேர்வாளர்கள் பார்க்க வருவார்கள், பட்டியலில் பெயர் இல்லாவிட்டாலும் கண்ணில் பட்டால் கூப்பிடுவார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். ஒருத்திக்குக் கால் சுளுக்கு. அதனால் வேறு வழியின்றி துரைசாமி மாமா பவுனை இறக்கினார். தப்பி ஓடும் முறையில் அவள் ஒருத்தியே நின்று ஆடினாள். எதிர் மன்றத்து ஜனங்களே கை தட்டினார்கள். கோட்டுப் போட்ட ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் அவள் எண்ணைக் கேட்டதை நான் பார்த்தேன்.

பிறகு நம் பெண்கள் துரத்தும் முறை. கடைசி நிமிஷங்கள். ஒரே ஒருத்தியைப் பிடித்தால் ஜெயம். எதிர் மன்றத்து ஓட்டக்காரி பவுனுடைய கட்டத்துக்கு எதிரே தடுமாறினாள், பவுன் எழுந்தால் கைக்கெட்டும் தூரம். ப்ரீதி பின்னால் வந்து நின்று "கோ" என்றாள். வழக்கம் போலக் கை காற்றில்.

பவுன் எழுந்திருக்கவில்லை.

"கோ! கோ!" என்று ப்ரீதி கத்தினாள். பவுன் குந்தியபடியே நடுவரைப் பார்த்துக் கையை உயர்த்தி, "ஹாத் லாக்லா நாஹி" என்று மராத்தியில் சொன்னாள். கை படவில்லை என்று. மைதானம் முழுக்கக் கேட்டது. துரைசாமி மாமா கோட்டோரம் குதித்தார். "எழுந்திரிடி! டைம் போவுது, எழுந்திரி!"

"தொடச் சொல்லுங்க மாமா. எழுந்திருக்கிறேன்."

ப்ரீதி வேறு ஒருத்திக்குக் கோ கொடுத்திருக்கலாம். அந்தப் புத்தி அந்தப் பெண்ணுக்கு வரவில்லை. அழ ஆரம்பித்துவிட்டாள். கையைத் தாழ்த்தினாள். அரை விரல் தூரம் இருக்கும். அப்புறம் கூட்டத்தில் நின்ற அம்மாவைப் பார்த்தாள். அபயாம்பாள் அந்தக் கையையே முறைத்துக்கொண்டு நின்றாள். கை மறுபடி மேலே போய்விட்டது. பிடிபட வேண்டியவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு இவர்களை வேடிக்கை பார்த்தாள். நேரம் முடிந்த விசில் அடித்தது.

திரும்பும் பஸ்ஸில் பவுன் பக்கத்தில் நான் மட்டும் உட்கார்ந்தேன். மற்ற ஸீட்டெல்லாம் நிரம்பிப் பெண்கள் நின்றுகொண்டு வந்தார்கள், எங்களுக்குப் பக்கத்தில் ஓர் இடம் காலியாகவே வந்தது. கோட்டுக்காரர் அவளைக் கூப்பிடவில்லை. டீமுக்கு எதிராக உட்கார்ந்தவள் என்று துரைசாமி மாமா அவரிடம் ஓடிப் போய்ச் சொல்லிவிட்டார். மன்றத்திலிருந்தும் நீக்கிவிட்டார்கள். நீக்கின தாளில் உன் பெயரைத்தான் போட்டிருக்கிறார்கள், நீ செயலாளர் ஆயிற்றே.

தமிழரசி


ஓஸ்லோ
26-4-1998

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லாரும் நலம் என்று நம்புகிறேன். எனக்கும் நலமே.

மனசு ஆறவில்லை, அதனால் சொல்கிறேன். பவுன் செய்தது தப்பு. எழுந்து ஓடியிருக்க வேண்டும். அதிகம் போனால் ஒரு ஃபவுல். தேர்வாளர் பார்த்துக்கொண்டிருக்கிற நேரத்திலா ரோஷம்? தன் வாய்ப்பைத் தானே கெடுத்துக்கொண்டாள். நீயாவது ஒரு வார்த்தை சத்தம் போட்டு அவளை எழுப்பியிருக்கலாம். வளர்கிறவர்கள் கொஞ்சம் பொறுத்துத்தான் போக வேண்டும்.

ஆய்வு ஏற்கப்பட்டுவிட்டது. முதல் தரம். துறையே புத்தகமாக அச்சடிக்கிறது. அம்மாவுக்கு ஒரு பிரதி நேரே அனுப்பச் சொல்லியிருக்கிறேன். அட்டையைப் பார்த்தால் சந்தோஷப்படுவாய். ஜாம்பியாவும் முடிவாகிவிட்டது. ஆகஸ்டில் ஒரு மாதம் கட்கிக்கு வந்துவிட்டுப் போகிறேன்.

அம்மாவுக்கு நமஸ்காரம்.

உன்,
சுனில்


கட்கி
12-7-1998

சுனில்,

நலம் கேட்கவில்லை. நீ நலமாகத்தான் இருப்பாய்.

புத்தகம் வந்தது. சாமி இல்லை என்று சொன்ன அப்பா இருந்தவரை அம்மாவின் சாமி அலமாரி சமையலறை மூலையில் ஒளிந்திருந்தது, உனக்கு ஞாபகமிருக்கும். அவர் போன பிறகு கூடத்துக்கு வந்துவிட்டது. என் புள்ள எழுதின புஸ்தகம் என்று அம்மா அதைச் சாமிக்குப் பக்கத்தில் வைக்கப் போனாள். மஞ்சள் தடவப் போனவள் அட்டையைப் பார்த்தாள். முழுப் பக்கத்துக்குப் பவுன். முதுகில் ப்ரீதியின் கை.

அம்மா புத்தகத்தைச் சட்டென்று தரையில் வைத்தாள். பிறகு போய் என் மேஜையிலிருந்து பிரவுன் பேப்பரை எடுத்து வந்து, பள்ளிக்கூடப் பிள்ளை புத்தகத்துக்குப் போடுவது மாதிரி மடித்து அட்டை போட்டு, மேலே உன் பெயரை எழுதச் சொல்லி என்னிடம் நீட்டினாள். நான் எழுதவில்லை. பெயரில்லாமலே அலமாரியில் ஏறியது. அதற்கப்புறம் அவள் பின்வாசலுக்குப் போய்க் கை கழுவினாள். உன் புத்தகத்தைத் தொட்டதற்குக் கை கழுவினாள் சுனில். இதை எந்த அத்தியாயத்தில் சேர்ப்பாய்?

நான் படித்தேன். பால்டியைப் பற்றி ஆறு பக்கம் எழுதியிருக்கிறாய். மரியாதை, சடங்கு, வாசல் என்று என்னென்னவோ. என் நவம்பர் கடிதத்துக்குப் பிறகும் அதில் ஒரு வரி மாறவில்லை. கடைசிப் பக்கத்தில் தகவல் தந்து உதவியவர் என்று எனக்கு நன்றி சொல்லியிருக்கிறாய்.

பவுன் ஜூன் பதினைந்திலிருந்து வேலைக்குப் போகிறாள். காக்கிப் புடவை. மழைக்காலமாயிற்றே, நம் லைன் சாக்கடை எல்லாம் அடைத்துக்கொண்டிருக்கிறது. நேற்று நம் வீட்டுப் பின்னால்தான் கம்பி விட்டுக் குத்திக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "டீச்சர், சுனில் அண்ணன் புக்குல என் போட்டோ போட்டுக்கிறாங்களாமே, காட்றீங்களா?" என்று கேட்டாள். நான் உள்ளே போய் அலமாரியைத் திறந்து, அம்மா கத்தக் கத்த, பிரவுன் பேப்பரைக் கிழித்தேன்.

கை ஈரமாயிருக்குது என்று அவள் வாங்க மறுத்தாள். நான் பிடித்துக்கொண்டு காட்டினேன். வெகு நேரம் பார்த்தாள். "நல்லா விழுந்துக்குது" என்றாள். பிறகு சொன்னதை அப்படியே எழுதுகிறேன், பார்ப்பதைப் பார்த்தபடி எழுதச் சொன்னவன் நீதானே.

"ஸ்டீபன் அண்ணன் அசையாதே அசையாதேன்னு சொன்னாங்க இல்ல, அத்தினி நேரமும் கைய எடுக்கல டீச்சர் அது. ப்ரீதி கை நல்லா சூடா இருந்துது. ஒண்ணா ஆடி ரெண்டு வருஷமாவுது, அன்னிக்குத்தான் தெரியும் எனக்கு. அதனாலதான் ஃபைனல்ல உக்காந்துட்டேன். போட்டோவுக்குத் தொட முடிஞ்ச கை மேச்சுல ஏன் முடியாதுன்னு பாக்கலாம்னு."

அவ்வளவு சொல்லிவிட்டுக் கம்பியை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். அது ப்ரீதி வீடு.

நீ ஆகஸ்டில் வருகிறாயாம். வா, இது உன் வீடும்தான். ஆனால் முன்வாசலில் நான் ஆரத்தித் தட்டோடு நிற்பேன் என்று நினைக்காதே. பின்வாசல் வழியாக வா. அம்மாவுக்கு இனிமேல் பால்டி தூக்கும் வேலை இல்லை, தினமும் நானே தண்ணீர் பிடித்து வைக்கிறேன். அந்தப் புத்தகத்தை எழுதிய கையை நன்றாகத் தேய்த்துக் கழுவிவிட்டு, அதற்கப்புறம் உள்ளே வா.

தமிழரசி